கூட்டலில் ஒரு பத்து

முன்னறை மேசையில் ஒன்பது புத்தகங்கள் இருந்தன. அரசாங்கத்தின் தமிழ் விஞ்ஞானப் புத்தகங்கள் நான்கு, இந்தியாவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் இரண்டு, லண்டன் பரீட்சைக்கான ஆங்கிலப் புத்தகங்கள் மூன்று. ஒன்பதையும் பார்த்து, பேத்திக்கு எது பொருத்தம் என்று முடிவு செய்யும் பொறுப்பை மகள் என்னிடம் தந்திருந்தாள். தந்தாள் என்றுதான் நான் நம்பினேன்.

பேத்திக்குப் பதினைந்து வயது. முதுகெலும்பில் சத்திர சிகிச்சை நடந்த பிறகு, குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போகும் ஸ்கூல் வான் வண்டியில் குலுங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். எனவே வீட்டில்தான் படிப்பு.

"சயன்ஸ்தான் பெரிய பாடம். அதை எந்த மொழியில படிக்கிறாளோ அதுலதான் மத்ததும்" என்றாள் மகள்.

அதன் பொருள் எனக்குத் தெரியும். தமிழில் படித்தால் பேத்தி இங்கேயே பரீட்சை எழுதுவாள். பிறகு பேராதனைக் கம்பஸுக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வருவாள். லண்டன் பரீட்சை என்றால் எந்த நாட்டிலும் செல்லும்; அது முடிந்த கையோடு தாயும் மகளும் கட்டாரில் இருக்கும் மருமகனிடம் போய்விடுவார்கள். இந்த ஐந்து அறை வீட்டில் நான் ஒருவன் மிஞ்சுவேன்.

முப்பத்தாறு வருடம் தண்ணீர் மீற்றர்க் கணக்கைக் கூட்டிய கிளார்க் நான். சும்மா புரட்டிப் பார்த்து முடிவு சொல்லத் தெரியாது. பெரிய தாளில் கோடு போட்டேன். பத்து விடயங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. விளக்கம் எப்படி, படம் தெளிவா, கணக்குகள் எத்தனை, குசினிச் சாமான்களை வைத்தே செய்யக்கூடிய பரிசோதனைகள் எத்தனை, படுத்துக்கொண்டு படிக்கப் பாரம் அதிகமா. இந்தியப் புத்தகம் ஆரம்பத்திலேயே பின்தங்கிவிட்டது. நம் பரீட்சைத் தாளில் ஒட்சிசன் என்று வரும். அதில் ஆக்சிஜன் என்று இருந்தது. பிள்ளை எதை எழுதுவாள்? பத்தொன்பது நாள் இந்த வேலை நடந்தது.

அரசாங்கப் புத்தகங்களைப் பாடசாலைகளில்தான் கொடுப்பார்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு யார் கொண்டுவந்து தருவது? அதனால் தொடக்கத்திலேயே, கலஹாவில் இருக்கும் என் சிநேகிதனிடம் போயிருந்தேன். விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். நாற்பத்திரண்டு வருடப் பழக்கம். பழைய பிள்ளைகள் பெயர் எழுதிய நான்கு புத்தகங்களைச் சீலைப் பையில் போட்டுத் தந்தான்.

இருபதாம் நாள் சாப்பாட்டு மேசையில் முடிவை வாசித்தேன். இந்தியப் புத்தகம் ஐம்பத்தொன்பது. லண்டன் எழுபத்துநான்கு. அரசாங்கப் புத்தகம் எழுபத்தெட்டு.

மகள் தாளை வாங்கிப் பார்த்தாள். பிறகு பேத்தி பார்த்தாள்.

"சரிப்பா. நீங்க சொன்னா சரிதான்" என்றாள் மகள்.

அந்த வாரமே நான்குக்கும் பிரவுன் பேப்பரில் உறை போட்டு, லேபல் ஒட்டி, என் கையாலேயே 'விஞ்ஞானம், தரம் 10, பகுதி 1' என்று தொடங்கி எழுதினேன். பரீட்சை விண்ணப்பத்தையும் நிரப்பிக் கொடுத்தேன். தானே அனுப்புவதாக மகள் வாங்கிக்கொண்டாள்.

இரண்டு மாதம் நன்றாகப் போனது. பேத்தி ஒருக்களித்துப் படுத்து என் உறை போட்ட புத்தகத்தை வாசிப்பாள். வாசலைக் கடக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை. கலஹாவுக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் சிநேகிதன் தேத்தண்ணீர் தந்து, "பிள்ளை நல்லா படிக்குமப்பா, பயப்படாத" என்றான்.

பிறகு ஒரு காலை, கட்டிலருகே போனபோது, உறைக்கு வெளியே புத்தகம் இரண்டு விரல் அகலம் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டேன். நான் போட்ட உறையில் ஒரு நூலளவுகூட வெளியே தெரியாது. கையிலிருந்து வாங்கினேன். பாரமாக இருந்தது. வழவழப்பான தாள். ஆங்கிலம். என் கையெழுத்துக்குள்ளே லண்டன் புத்தகம்.

"இது என்ன?"

"சயன்ஸ் புக் தாத்தா" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

தேங்காய் துருவிய கையோடு மகள் ஓடிவந்தாள்.

"அப்பா, கத்தாதீங்க. நானே சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? பிளேன்ல ஏறினப்புறமா?"

அவள் கையிலிருந்த தேங்காய்ப் பூவை உடுப்பில் துடைத்தாள்.

"நான் நிரப்பிக் குடுத்த அப்ளிகேஷன் எங்க?"

"அலுமாரியில. அனுப்பல. லண்டன் பரீட்சைக்குப் பதிஞ்சாச்சுப்பா. கலஹா சேருக்கும் தெரியும்."

முதலில் சொன்னதைவிடக் கடைசியில் சொன்னதுதான் சுட்டது. அந்த நிமிடமே சிநேகிதனுக்குப் போன் எடுத்தேன்.

"டேய், லண்டன் விசயம் ஒனக்குத் தெரியுமா?"

கொஞ்ச நேரம் இருமினான். "தெரியும்ப்பா. கிழமைக்கு ரெண்டு நாள் போன்ல நான்தான் சொல்லிக் குடுக்குறேன். கெட்டிக்காரப் புள்ள."

"அப்ப எதுக்குடா அந்த நாலு புத்தகத்தையும் குடுத்த?"

"நீ கேட்ட, குடுத்தேன். நாங்க பழகின பழக்கத்துக்கு ஒனக்கு இல்லேன்னு சொல்ல ஏலுமா?"

போனை வைத்தேன். மூன்று முறை போனேன், மூன்று கோப்பை தேத்தண்ணீர் குடித்தேன், ஒரு தடவைகூட அவன் வாய் திறக்கவில்லை. நாற்பத்திரண்டு வருடத்தில் இவன் இன்னும் என்னென்ன சொல்லாமல் விட்டிருப்பான் என்று யோசித்தபடி கதிரையில் உட்கார்ந்திருந்தேன்.

பேத்தி மெல்ல நடந்து வந்தாள். கையில் நான் கோடு போட்ட தாள்.

"தாத்தா, அரசாங்கப் புத்தகத்தோட புள்ளிய நீங்களே ஒருக்கா கூட்டுங்க."

நான் தாளைத் தொடவில்லை.

"அறுபத்தெட்டுதான் வருது. நான் மூணு தரம் கூட்டினேன். நீங்க எழுவத்தெட்டுன்னு போட்டிருக்கீங்க."

"பிழை வந்திருக்கும்."

"தாத்தாவுக்குக் கூட்டல்ல பிழை வராதுன்னு அம்மா சொன்னாங்க. வேணும்னுதான் போட்டிருக்கீங்க, எங்கள இங்க வச்சுக்கத்தான். அத ஒங்க மூஞ்சிக்கு நேரா கேக்க ரெண்டு பேருக்கும் மனசு வரல."

அவள் சொன்னது சரி. அந்தப் பத்தை நான் அறிந்தே போட்டேன். கூட்டி முடித்து, லண்டன் ஆறு புள்ளி மேலே நிற்பதைக் கண்டு, அரை மணி நேரம் பேனையைக் கையில் வைத்திருந்துவிட்டுப் போட்டேன். முப்பத்தாறு வருடத்தில் யார் வீட்டு மீற்றருக்கும் செய்யாத காரியம்.

ஆனாலும் என் பொய்க்கும் அவர்கள் பொய்க்கும் கணக்கை நேர் செய்ய என்னால் முடியவில்லை. நான் செய்தது ஒரு வரியில் ஒரு பொய். அவர்கள் மூன்று பேர் சேர்ந்து அறுபத்துமூன்று நாள் செய்தார்கள். ஒவ்வொரு நாளும் நான் வாசலில் எட்டிப் பார்க்கும்போது அவள் என் லேபல் தெரியும்படி புத்தகத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அந்தச் சின்னக் கையசைவுக்கு எத்தனை புள்ளி போடுவது? நேராகக் கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். அது ஒரு நாளோடு போயிருக்கும்.

மத்தியானம் அந்த ஆங்கிலப் புத்தகத்தோடு திரும்ப வந்தாள்.

"உறை பத்தல தாத்தா. ஓரம் மடங்குது. இதுக்கு அளவா ஒண்ணு போட்டுத் தாங்களேன். லேபல்ல நீங்களே எழுதுங்க."

"பேப்பர் முடிஞ்சிருச்சு" என்றேன்.

அலுமாரியில் பிரவுன் பேப்பர் இன்னும் ஆறு தாள் இருந்தது.