வாகனம் விடப் போன மனுசன்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். வட்டுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வெங்காயம் கட்டிக்கொண்டு வந்து, யாழ்ப்பாண நகரத்தில் சொந்தக் கடை போட்டவன். இன்றைக்கு இங்கே என்னைத் தெரியாத வியாபாரி கிடையாது. நகர நடுவில் நிற்கிற அந்தப் பழைய கத்தோலிக்கக் கோவிலுக்கு மாபிள் நிலம் போட்டுக் கொடுத்ததும் நான்தான். ஆனால் அண்மை வரை அந்த நிலத்தில் நான் கால் வைத்ததில்லை.

என் மனைவி வேதக்காரி, அந்தக் கோவில்காரி; நான் சைவம். கல்யாணம் பேசியபோது அவளுடைய தகப்பன், "ஞானஸ்நானம் எடுத்தால்தான் பிள்ளையைத் தருவன்" என்றார்.

"உங்கடை கோயில் படியும் மிதிக்க மாட்டன், பிள்ளையையும் கொண்டு போவன்" என்றேன். சொன்னபடியே செய்தேன். பதிவுக் கந்தோரில் கல்யாணம் நடந்தது.

நாற்பது வருடம் ஞாயிறுதோறும் அவளைக் கோவில் வாசலில் இறக்கிவிட்டு, பஸ் இரைச்சலுக்குள் வெளியிலேயே நிற்பேன். "ஒருக்கா உள்ளுக்கு வந்து எனக்குப் பக்கத்திலை இருங்கோவன்" என்பாள். மாட்டேன் என்பேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அவள் கண் மூடி, அடக்கப் பூசை நடந்த அன்றும் வாசலில் நின்று, வந்தவர்களின் வாகனங்களை ஒழுங்காக நிறுத்துவித்தேன். அதையும் திறமாகத்தான் செய்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசையன்று வெளியே நிற்க முடியவில்லை. படியேறினேன். பழக்கத்தில் கை சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியது. அவளோடு பூசைக்கு வருகிற, சந்தையில் மீன் விற்கும் பெண் ஓடி வந்தாள்.

"ஐயோ அண்ணை, இது உங்கடை பிள்ளையார் கோயில் இல்லை! சட்டையோடை வாங்கோ."

"அவ வழமையா எந்த இடத்திலை இருக்கிறவ?" என்று கேட்டேன். எனக்கு அதுகூடத் தெரியாது.

தூணோரத்தில் ஆட்கள் இருந்த நீள வாங்கு ஒன்றைக் காட்டினாள். "கைலேஞ்சியை விரிச்சுப் பக்கத்திலை ஓரிடம் பிடிச்சு வைப்பா அண்ணை. திருநாளண்டு நிக்கவே இடமிராது, அண்டைக்கும் விடமாட்டா. 'என்ரை மனுசன் வாகனம் விடப் போயிட்டார், இப்ப வந்திடுவார்' எண்டுவா. நாப்பது வருசமாய் வாகனம் விட இடம் கிடைக்கேல்லையோ எண்டு நாங்கள் பகிடி பண்ணுவம். அவவும் சிரிப்பா."

"கடைசி வரைக்கும் பிடிச்சு வைச்சவவோ?"

"ஓம் அண்ணை."

வாங்கில் இருந்தவர்கள் நெருங்கி எனக்கு இடம் விட்டார்கள். அவள் இருந்தது எது, எனக்கென்று வைத்திருந்தது எது என்று கேட்க வாய் வரவில்லை. ஓரத்தில் இருந்தேன். பூசை வைத்த சுவாமியார் அவள் பெயரைச் சொன்னார். எல்லோரும் எழும்பினார்கள். என்னால் எழும்ப முடியவில்லை.