மேலே அடித்த எண்

குஞ்சிதபாதம், நெய்வேலிச் சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் டோக்கன் கிளார்க்காக இருந்தார். பழங்காசுப் பைத்தியம். முகமே தேய்ந்துபோன காசிலும், அடுத்து வந்த ராஜா அதை உருக்காமல் மேலே குத்திய சின்ன முத்திரையை விரலால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். அந்த வித்தையால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை.

கூலியாள் போய்விட்டால், வருகைப் பதிவுக்காக அவனுக்கு எண் அடித்துக் கொடுத்த பித்தளை டோக்கனை அவரும் உருக்குவதில்லை. பழைய எண்ணின் மேலேயே புது எண்ணை அடித்து அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்.

மண்சரிவில் ராமலிங்கம் செத்தான். அவன் இடத்துக்கு வேலைக்கு வந்த பெண்டாட்டி சாமியம்மாள், அவர் கொடுத்த டோக்கனையே திரும்ப நீட்டினாள்.

“அடியில தெரியறது எங்க வூட்டுக்காரரு நம்பருதானுங்களே?”

தடவிப் பார்த்தார். ராமலிங்கத்தின் எண்ணேதான்.

“ஆமாம்மா.”

“மேல அடிச்சத மட்டும் எடுத்துடுங்கய்யா.”

அவர் கையில் சுத்தியல் இருந்தது. அதற்கு அடிக்க மட்டுந்தான் தெரியும்.