ஆரோக்கியமான ரத்தம் தேவை

ஆராய்ச்சிக்கூட வேலையில் நோயாளி கிடைப்பது சுலபம். நோயில்லாதவர் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. ப்ராஜெக்ட் வேலையில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். நம் நோய் எதிர்ப்புச் செல்கள் ரத்தத்தில் நுண்ணிய குமிழிகளை உதிர்க்கின்றன. மூட்டுகளை வீங்கவைத்து மடக்க முடியாமல் செய்யும் முடக்குவாதம் வெளியே தெரியும் முன்பே அந்தக் குமிழிகளை வைத்து அதைக் கண்டுபிடிப்பது எங்கள் லட்சியம். ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் வேண்டும். இந்த மாதத்துக்குள் அது சேராவிட்டால் ப்ராஜெக்ட்டும் காலி, என் வேலையும் காலி.

அப்பார்ட்மென்ட் வேட்டை

சேலையூரில் ஒரு அப்பார்ட்மென்ட் முழுக்க ஏறி இறங்கினேன். முதல் வீட்டில் சுகர், எதிர் வீட்டில் தைராய்டு, மேல் வீட்டில் இரண்டும். "எந்த வியாதியும் இல்லாதவங்க யாராவது இருக்காங்களா சார்?" என்று செகரட்டரியைக் கேட்டேன். மனிதர் தீவிரமாக யோசித்தார்.

"லிஃப்ட் நல்லா இருந்துச்சும்மா. போன வாரம் அதுவும் படுத்துடுச்சு."

வெறும் வயிறு

தாம்பரத்தில் தினமும் வாக்கிங் போகும் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் தானாகவே முன்வந்தார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தேன்; சாப்பிட்டால் கொழுப்புத் துளிகள் ரத்தத்தில் மிதந்து, குமிழிகளோடு கலந்து எங்கள் கணக்கைக் கெடுக்கும். "பச்சைத்தண்ணி பல்லுல படல" என்றார். ரத்தத்தைச் சுழற்றி எடுத்தால், மேலே தெளிந்து நிற்க வேண்டிய பிளாஸ்மா பால் மாதிரி வெளுத்திருந்தது. போன் போட்டு விசாரித்தேன். விடியற்காலை, மார்கழிக் கோயில், நெய் ஒழுகும் பொங்கல்.

"அது பிரசாதம்மா. அதையெல்லாம் சாப்பாட்டுக் கணக்குல சேர்க்கக் கூடாது."

ஐஸ் வைத்த அன்பு

படப்பையில் எடுத்த ரத்தக் குழாய்களை பைக்கில் கொண்டுவருபவர் முனுசாமி அண்ணன். குலுக்கக் கூடாது, குளிரவைக்கவும் கூடாது. குளிர்ந்தால் பிளேட்லெட் எனும் தட்டணுக்கள் மிரண்டுபோய்த் தம் பங்குக்குக் குமிழிகளை உதிர்த்துத் தொலைக்கும். படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே நிறைய ஐஸ். அத்தனையும் வீண்.

"மார்கழின்னு பேரு, வெயில் இன்னாமா கொளுத்துது! பாவம், ரத்தமாச்சேன்னு மனசு கேக்கல."

எங்களில் ஒருவர்

கடைசியில் எல்லா லேபும் செய்வதையே நாங்களும் செய்தோம். எங்கள் கைகளையே நீட்டினோம். எண்ணிக்கை சேர்ந்தது, என் வேலை பிழைத்தது. முடிவுகளை கிராஃபில் போட்டபோது, பக்கத்து மேஜை ஜெபராஜின் புள்ளி மட்டும் எங்களை விட்டுவிட்டு நோயாளிகள் கூட்டத்துக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. "அவுட்லையர். கிராஃபே கெடுது, தூக்கிடுங்க" என்றார் எங்கள் மேடம். நானும் மௌஸில் கை வைத்தேன். ஜெபராஜ் விரல்களை நீவிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"காலைல எழுந்தா விரலை மடக்க முடியல மேடம். அதையும் தூக்கிடுவீங்களா?"

முடக்குவாதத்தின் ஆரம்பம்தான் என்று டாக்டர் சொல்லி அவருக்கு மருந்து தொடங்கியாயிற்று. ஆரோக்கியமானவர்கள் பட்டியலில் நோயாளிக்கு இடமில்லை என்று அவர் புள்ளியையும் தூக்கியாயிற்று. ஆக, நோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் எங்கள் ஆய்வு, நிஜமாகவே கண்டுபிடித்த அந்த ஒரே ஆளைத் தவிர மற்ற எல்லோரையும் கட்டுரையில் சேர்த்திருக்கிறது.