மாப்பிள்ளை வீட்டில் இருந்த கடை

பட்டன்காரம்மாவின் கடை மாப்பிள்ளை வீட்டுப் படுக்கையறையில், துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே இருந்தது. அதாவது, கடையின் இணையதளம் அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பட்டன்களெல்லாம் வேறு ஊரில், அவள் வீட்டில். கோட்டில் ஒரே ஒரு பட்டனைத் தொலைத்தவர்கள் படம் அனுப்புவார்கள்; அவள் டப்பா டப்பாவாகக் கிளறி, அதே மாதிரி ஒன்றைப் பிடித்து அனுப்பிவைப்பாள். தையல் கடையில் பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு இது தண்ணிபட்ட பாடு. இந்த வருமானத்தில்தான் வீடு ஓடியது.

"வெளியில எதுக்கு அத்தை காசு குடுக்கணும்? நம்ம வீட்டுலயே வெச்சுக்கலாம்" என்று கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை சொன்னார். மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்று சொன்னால் அதற்கு மறுபேச்சு ஏது?

கடை அடிக்கடி படுத்துக்கொண்டது. திறக்காத கடை வாசலில் எவன் நிற்பான்? கோட்டுக்காரர்கள் வேறு கடை பார்த்துப் போனார்கள். படுத்தது தெரிந்த மறுநிமிஷம் அவள் மகளுக்குப் போன் போடுவாள்.

"என்னடி ஆச்சு?"

"தெரியலம்மா, பார்க்கிறேன். நீ சாப்பிட்டியா?" என்று மகள் வேறு கதைக்குப் போய்விடுவாள். பேச்சு நீளும். கொஞ்ச நேரத்தில் கடை எழுந்துகொள்ளும். மாப்பிள்ளை கைவைத்த லட்சணம் இதுதான் என்று பட்டன்காரம்மா பல்லைக் கடித்துக்கொள்வாள். மகளிடம்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாத சங்கடம்.

கடைசியில், காசு போனால் போகிறது, இணையதளங்களை வைத்து ஓட்டித் தரும் ஒரு கம்பெனியிடமே கடையை ஒப்படைத்துவிடலாம் என்று துணிந்தாள். பட்டனையே இழுத்துப் பார்த்து வாங்குகிறவள் கம்பெனிகளைச் சும்மா விடுவாளா? எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "கடை நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

முதல் கம்பெனியில் பதிவுசெய்த குரல், "ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து" என்று அலைக்கழித்தது. அடுத்த கம்பெனிக்காரன், "எங்ககிட்ட நிக்கவே நிக்காதும்மா" என்று அடித்துச் சொன்னான். அறுந்தே போகாத பட்டன் என்று விற்றவர்களையெல்லாம் அவள் பார்த்தாயிற்று. அவனையும் கழித்துக்கட்டினாள். மூன்றாவதில் ஒரு பெண் பேசினாள். "எப்பவாவது நிக்கத்தாம்மா செய்யும். கூப்பிடுங்க, ஆள் எடுப்போம்." பட்டன்காரம்மா அவளிடமே பணத்தைக் கட்டினாள்.

மாப்பிள்ளை மனம் கோணாமல் சொல்ல வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை பழம் வாங்கிக்கொண்டு நேரிலேயே போனாள். மென்று முழுங்கி ஒருவழியாக விஷயத்தைச் சொன்னாள்.

"அப்பாடா! அந்தப் பொட்டி போடுற சத்தத்துல தூக்கமே இல்ல அத்தை" என்றார் மாப்பிள்ளை. ஒரு பழத்தை உரித்தார். "ஆனா ஏன் நிக்குதுன்னுதான் புரியல. நான் வீட்டுல இருக்கும்போது நின்னதே இல்ல. ஆபீஸ் போனப்புறம்தான் நிக்குது."

அவர் ஆபீஸ் போனால் வீட்டில் இருப்பது ஒரே ஆள்தான். பட்டன்காரம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். மகள் கழுவிய தட்டையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீயாடி அணைச்ச?"

"ஆமா."

"என் பொழப்புடி அது!" ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தெரியும்." மகள் திரும்பவில்லை. "கடை நின்னாத்தானேம்மா நீ கூப்பிடுற. நான் கூப்பிட்டா, ஆர்டர் இருக்கு, அப்புறம் பேசுறேன்னு வெச்சுடுற. இந்த ஊர்ல எனக்கு யாரைத் தெரியும்?"

ஆத்திரம் போன இடம் தெரியவில்லை. கூப்பிட்டால் ஆள் எடுக்கிற கம்பெனியாகத் தேடித் தேடிப் பிடித்தவளுக்கு வெட்கமாக இருந்தது. குழாயை மூடிவிட்டு, மகள் கையிலிருந்த தட்டை வாங்கி வைத்தாள்.

"இனிமே தினமும் நானே கூப்பிடுறேன்."

"கடைதான் நிக்காதே. கூப்பிட்டு என்ன பேசுவ?"

"தெரியலடி. கூப்பிட்டுட்டு யோசிக்கிறேன்."