செல்லக்கண்ணு பேச வைத்த மிஷின்கள்

குன்னத்துச் செல்லக்கண்ணுவைக் கீறினால் ரத்தத்துக்கு முன்னால் பயம்தான் வெளியே வரும். நாயைக் கண்டால் பயம், பல்லியைக் கண்டால் பயம், கண்டக்டர் சில்லறை கேட்டாலும் பயம். இந்த மனுஷன் கேபிள் டிவி ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் மின்கம்பம் ஏறினார் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். ஏறினார். இறங்கத்தான் பயந்து, கீழே ஆள் வரும்வரை மேலேயே உட்கார்ந்திருப்பார்.

கேபிள் தொழில் படுத்ததும், ஆபீஸ்களில் கம்ப்யூட்டர்களை ஒன்றோடு ஒன்று இணைத்துக் கொடுக்கும் வேலைக்கு வந்தார். தரையில் நின்று செய்கிற வேலை, விழுவதற்கு வழியில்லை என்று கணக்குப் போட்டார்.

அரியலூரில் சசிகலா நடத்தும் போட்டோ ஸ்டுடியோதான் அவருக்குப் பெருமை. அங்கே மூன்று மிஷின்கள், சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காமல் இருந்தன. படங்களைச் சேர்த்து வைக்க ஒரு விண்டோஸ் பெட்டி. ஆல்பம் செய்ய ஆப்பிள் கம்ப்யூட்டர். பில் போட, சசிகலாவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச லேப்டாப், அதில் லினக்ஸ். செல்லக்கண்ணு மூன்றையும் பேச வைத்தார். தினமும் காலையில் லேப்டாப் விழித்ததும் ஒரு வேலை செய்யும்: பெட்டியில் என்ன இருக்கிறதோ அதை ஆப்பிளிலும் வைக்கும், பெட்டியில் இல்லாததை ஆப்பிளிலிருந்தும் அழித்துவிடும். இரண்டும் எப்போதும் ஒன்றுபோல இருக்கும். ஆறு மாசமாக ஒரு குறையும் இல்லை.

ஆயுத பூஜை வாரத்தில் பெட்டி செத்துப்போனது.

"ஆப்பிள்ல எல்லாப் படமும் இருக்குக்கா, பயப்படாதீங்க" என்றார், பயந்துகொண்டே.

பழைய கல்யாணங்களெல்லாம் ஆல்பமாகிப் போய்ச் சேர்ந்துவிட்டன. பாக்கி இருந்தது ஏலாக்குறிச்சி அடைக்கலமேரியின் கல்யாணம் ஒன்றுதான். கேமரா கார்டுகளை அழித்து வேறு வேலைக்குப் போட்டாயிற்று. மேரியின் அப்பா, கல்யாணம் முடிந்த இரண்டாம் மாசம் மாரடைப்பில் போய்விட்டார். பூஜைக்கு மறுநாள் படம் பொறுக்க வருவதாகச் சொல்லியிருந்தாள்.

சசிகலா புதுப் பெட்டி வாங்கினார். செல்லக்கண்ணு அதற்குப் பழைய பெட்டியின் பெயரையே வைத்தார். நெட்வொர்க் எண்ணும் அதேதான், ஃபோல்டரும் அதேதான். அப்போதுதான் மற்ற இரண்டும் அதை அடையாளம் கண்டு பேசும். ஆப்பிளில் இருக்கும் படங்களை அதில் ஏற்றுவது மட்டும் பாக்கி. அதற்குள் பூஜைக்கு முந்தின நாளே சசிகலா எல்லாவற்றையும் அணைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்துவிட்டார்.

"பூஜையில வச்சத தொடக் கூடாது தம்பி. நாளன்னைக்கி வந்து ஏத்திக்க."

பூஜைக்கு மறுநாள் காலையில் பஸ்ஸில் சன்னலோரம் வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தவருக்குத் திடீரென்று கடலை தொண்டையில் நின்றது. புதுப் பெட்டி காலி. லேப்டாப்புக்கு அது தெரியாது. லேப்டாப்பைப் போட்ட உடனே, பெட்டி காலியாக இருக்கிறதே என்று ஆப்பிளையும் காலி பண்ணிவிடும்.

போன் போட்டார். மணி அடித்தது, எடுக்க ஆள் இல்லை. மறுபடி போட்டார். எழுந்து டிரைவரிடம் ஓடினார்.

"அண்ணே, கொஞ்சம் வெரசா போங்கண்ணே!"

"ஏன், பொண்டாட்டிக்குப் பிரசவமா?" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணே, லேப்டாப்ப ஆன் பண்ணிடுவாங்க!"

பஸ்ஸே சிரித்தது.

ஸ்டுடியோ வாசலில் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. உள்ளே கற்பூர வாசனை. சசிகலா வாயெல்லாம் பல்லாக நின்றார். "வா தம்பி. நல்ல நேரத்துல எல்லாத்தயும் நானே போட்டுட்டேன்."

ஆப்பிள் திரையில் படங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அவர் கண்ணெதிரே ஒரு வரிசை இருந்தது, பிறகு இல்லை. ஓடுகிற ஆப்பிளில் இணைப்பு ஒயரைப் பிடுங்க அவருக்குக் கை வரவில்லை. கம்பத்தில் ஒருமுறை வாங்கிய ஷாக் முழங்கைக்குள் துடித்தது.

"என்ன, சாமி வந்தாப்ல நிக்கற?"

கண்ணை இறுக மூடிக்கொண்டு, காய்ந்த சந்தனத்தோடு ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். எதுவும் வெடிக்கவில்லை.

"அட பாவி, பூஜ போட்ட மிஷினு!"

விஷயத்தைச் சொன்னதும் சசிகலா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். மாதா கோயில் படம் இல்லை. மோதிரம் இல்லை. மேடை இல்லை. கடைசி ஃபோல்டர் மட்டும் தப்பியிருந்தது. பந்தி.

"அழிஞ்சது வருமா?"

"திருச்சிக்கு டிஸ்க்க அனுப்பினா கொஞ்சம் வரலாம். உறுதியில்லக்கா."

"அந்தப் பொண்ணுகிட்ட கரண்ட் இல்லன்னு சொல்லி அனுப்பிடுவோம்."

செல்லக்கண்ணு பின்கதவைப் பார்த்தார். அது திறந்துதான் இருந்தது. ஊருக்கு ஓடிவிடப் பஸ்ஸும் இருந்தது. அதற்குள் மேரி உள்ளே வந்துவிட்டாள், திருமானூர் பஸ்ஸில் வந்த களைப்போடு, "எல்லாம் ரெடியாக்கா?" என்றாள்.

சசிகலா வாயைத் திறப்பதற்குள் செல்லக்கண்ணுவின் குரல் கீச்சென்று வந்தது. "நான் அழிச்சிட்டம்மா. முக்காவாசி போச்சு. பந்தி மட்டுந்தான் இருக்கு."

மேரி கத்துவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். அவள் கத்தவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"எங்கப்பா இருக்காரா அதுல?"

செல்லக்கண்ணுவுக்குத் தெரியாது. படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். இலை. அப்பளம். யாரோ ஒரு மாமா வாய் நிறையச் சோறு. மறுபடி இலை. மேரியின் மூச்சு அவர் காதுக்குப் பின்னால் கேட்டது. இல்லை, இல்லை, இல்லை. அடுத்த படத்தின் ஓரத்தில் ஒரு சாம்பார் வாளி. வாளிக்கு மேலே வேட்டியை மடித்துக் கட்டிய ஆள், யாரையோ அதட்ட வாயைத் திறந்தபடி.

"நிறுத்துங்க" என்றாள் மேரி.

அடுத்த படத்திலும் அவர் இருந்தார். அதற்கடுத்ததிலும். புதுச் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வரிசை வரிசையாக ஊற்றிக்கொண்டே போனார்.

"மேடைக்கு வாப்பான்னு எத்தன தடவ ஆளு உட்டேன். இங்க நிக்கறாரு பாருங்க." சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்தது. சசிகலா அவள் முதுகைத் தடவினார்.

செல்லக்கண்ணு மெதுவாக மவுஸைத் தொட்டார். "இத ஒரு பென்டிரைவ்ல போட்டுத் தரட்டுமாம்மா?"

மேரி மூக்கைத் துடைத்தாள்.

"நீங்க தொடாதீங்கண்ணே. அக்கா, நீங்க போடுங்க."

செல்லக்கண்ணு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, படம் ஏறி முடியும்வரை சுவரோடு ஒட்டி நின்றார்.