சொல்லாமல் ஆடிய கடைசி ஆட்டம்

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் ஆட்டத்தை விட்டு ஓய்வு பெற்றாலும் சரி, ஊருக்கே திரும்பிப் போனாலும் சரி, அவருடைய கடைசி ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேர் அவரைத் தோளில் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வெளியே வருவார்கள். மற்றவர்கள் இரு பக்கமும் நின்று கை தட்டுவார்கள். தோள் கொடுக்கும் இருவரில் ஒருவன் எப்போதும் நான்தான். கட்டையான ஆள், அகலமான தோள். என்னை ஃபிரிட்ஜ் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நாங்கள் ஆடியது ஆஸ்திரேலியக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தை உதைக்கலாம், கையால் குத்தி அனுப்பலாம், எதிராளியின் முதுகில் ஏறிக்கூடப் பிடிக்கலாம். சில வருடங்கள் மெல்பர்னில் வேலை பார்த்தபோது ஒட்டிக்கொண்ட பைத்தியம் அது. அமெரிக்காவில் ஜெர்சி சிட்டிக்கு வந்த பிறகு, நியூயார்க் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் ஆஸ்திரேலியர்கள் சனிக்கிழமைகளில் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தேன். பக்கத்து ஊரான எடிசனில் இருக்கும் தமிழ் நண்பர்கள் கிரிக்கெட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். பல தடவை வரவில்லை என்றதும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மனைவிக்கு டாலஸில் வேலை. மகளும் அங்கேதான் பள்ளியில் படிக்கிறாள். என் கிரீன் கார்டு விண்ணப்பம் இங்குள்ள கம்பெனியோடு கட்டப்பட்டிருக்கிறது, அதனால் நான் இங்கே. வாரம் முழுக்க நான் பார்க்கும் முகங்கள் எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். சனிக்கிழமை மட்டும்தான் மனிதர்கள் என்னைத் தொடுவார்கள். இடிப்பார்கள், தள்ளுவார்கள், விழுந்தால் கை கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். இடி வாங்குவதற்காக ஒருவன் வாரம் பூராவும் காத்திருப்பான் என்றால் யார் நம்புவார்கள்? நான் காத்திருந்தேன்.

இதற்கிடையில் வலது முழங்கால் கெட்டுப்போனது. ஸ்கேன் எடுத்த அன்று மனைவி போன் செய்தாள்.

"ஏங்க, டாக்டர் என்ன சொன்னாரு?"

"இன்னும் ஆடினா முட்டியையே மாத்த வேண்டி வரும்ங்கறாரு."

"அப்ப ரிட்டயர் ஆயிடுங்க. எங்கயாவது விழுந்து வச்சா எமர்ஜென்சிக்கு டிரைவ் பண்ணக்கூட அங்க ஆள் கிடையாது."

"ரிட்டயர் ஆயிட்டு சனிக்கிழமை என்ன பண்றது?"

"லாண்டிரி போடுங்க" என்றாள். இருவரும் சிரித்தோம். அவள் சிரிப்பு சீக்கிரமே நின்றுவிட்டது.

அந்த சீசனின் கடைசி ஆட்டத்தோடு நிறுத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஆட்டத்துக்கு முன்பே கேப்டனிடம் சொல்லிவிட வேண்டும். வெட்கத்தை விட்டே சொல்கிறேன், ஒரே ஒரு தடவை எனக்கும் அந்தத் தோள்களில் ஏற வேண்டும் என்று ஆசை இருந்தது. காரில் போகும்போது என்ன சொல்வது என்று ஒத்திகை கூடப் பார்த்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவன் முந்திக்கொண்டான். எங்களோடு கொஞ்ச காலமே ஆடிய இளைஞன். விசா முடிகிறது, அடுத்த வாரம் மெல்பர்னுக்குப் போகிறேன், அம்மா ஏர்போர்ட்டுக்கு வருகிறாள் என்று சொல்லிக் கண் கலங்கினான். எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டார்கள். அதன் நடுவே போய் எனக்கும் இன்றைக்குத்தான் கடைசி என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தோற்றுப்போனோம். விசில் ஊதியதும் கேப்டன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். போய்க் குனிந்தேன். பையன் நல்ல கனம். ஒவ்வொரு அடிக்கும் முழங்காலுக்குள் கத்தி இறங்கியது. மேலிருந்து என் தலையைத் தட்டி, நாங்கள் எல்லோரும் போன பிறகும் நீ ஆடிக்கொண்டிருப்பாய் ஃபிரிட்ஜ் என்றான். ஆமாம் என்றேன். இறக்கிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்து அழுதேன். வலி என்று சொல்லிக்கொள்ள வசதியாக முழங்கால் இருந்தது.

குளிர்காலத்தில், முழங்கால் சரியில்லை, இனி வரமாட்டேன் என்று கேப்டனுக்கு மெசேஜ் அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அடுத்த வருடம் முழுக்க மைதானப் பக்கமே போகவில்லை. எடிசனில் நம்மூர்க் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் தனியாகத் தோசை சாப்பிட்டேன். லாண்டிரியும் போட்டேன். ஒருவனுக்கு எவ்வளவு துணிதான் இருக்கும்?

இந்த வசந்தத்தில் ஒரு சனிக்கிழமை, சும்மா வேடிக்கை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பனியன் அதே பனியன். உள்ளே இருந்த முகங்களில் ஒன்றுகூடத் தெரிந்ததாக இல்லை. கேப்டன் சிட்னிக்கே போய்விட்டாராம். எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்ற என்னைப் பார்த்து, முகமெல்லாம் சன்ஸ்கிரீன் பூசிய ஒருவன் பந்தோடு ஓடி வந்தான். புதிதாகச் சேர வந்திருக்கிறாயா, இதற்கு முன்னால் ஆடியிருக்கிறாயா என்று கேட்டான்.

எனக்காகப் பதில் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். பிறகு, இல்லை என்றேன்.

அவனுக்கு ஒரே சந்தோஷம். பந்தை என் கையில் கொடுத்து, பிடித்துக் காட்டு என்றான். தப்பாகப் பிடித்தேன். அவன் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரியான இடத்தில் வைத்தான்.

புரிந்ததா என்றான். இன்னொரு தடவை காட்டு என்றேன்.