இளைச்சுட்டியே என்று கேட்டவன்

நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் நடைபாதை கிடையாது, புல்லில்தான் நடக்கவேண்டும். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். இருபதடி பின்னால் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டியபடி வந்தாள்.

"சாவியைக் குடு அங்கிள்."

நான் நிற்கவில்லை.

"நீ யாரு என்னைத் தடுக்க? எங்கப்பாவா? அந்த ஆளு எங்க இருக்கான்னே எனக்குத் தெரியாது. இருந்தாலும் சாவியைக் குடுத்திருப்பான்."

அவள் பேசியது இங்கிலீஷ். என் இங்கிலீஷ் கப்பல் அடுப்படியிலும் கடைகளிலும் பொறுக்கியது. இரண்டையும் இங்கே தமிழாக எழுதுகிறேன்.

சாவி முதலாளியின் வேனுடையது. வேன் எங்களுக்குப் பின்னால் ஓர் அபார்ட்மெண்ட் வாசலில் நின்றது. அந்த அபார்ட்மெண்டின் மாடியில் ஒரு பெண் ஊசியோடு காத்திருந்தாள். நான் வேனில் ஏறியிருந்தால் பின்னால் வருகிற இவளும் ஏறியிருப்பாள், ஏறினால் கெஞ்சியிருப்பாள், கெஞ்சினால் நான் திரும்பியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். அதனால்தான் நடந்தேன்.

2006, ஹூஸ்டன் பக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கப்பலில் சமையலுக்கு வந்து, ஒரு துறைமுகத்தில் இறங்கித் திரும்பி ஏறாமல் போனவன். விசா, காகிதம் எதுவும் இல்லை. ஜெர்சி சிட்டியில் கொஞ்ச நாள், கார் கழுவும் இடங்களில் கொஞ்ச நாள் என்று சுற்றி, கடைசியில் நம்மூர் பாய் ஒருவரின் கடைக்கு வந்து சேர்ந்தேன். சவுரி, விக், முடி எண்ணெய், தோல் வெளுக்கும் கிரீம் விற்கிற கடை. வாடிக்கையாளர்கள் எல்லாம் கறுப்பினப் பெண்கள். பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே எனக்குப் படுக்கை.

அவளும் கறுப்பினத்தவள்தான், அங்கேயே வேலை பார்த்தாள். இருபத்திரண்டு வயது. நெடுநெடுவென்று ஒல்லி. முடி பின்னுவதில் அவள் கைக்கு அந்த வட்டாரத்தில் ஈடு கிடையாது. ஆனாலும் முதலாளி அவளை ஸ்டாக் ரூமில்தான் வைத்திருந்தார். முன்னால் நிற்க வேறொரு பெண். "முன்னாடி நிக்கிறதுக்கு ஒரு இது வேணும் தம்பி," என்று கையால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினார். கடை டிவியில் நாள் முழுக்கப் பாட்டு ஓடும். அதில் ஆடுகிற பெண்கள் எல்லோருக்கும் அந்த வளைவுதான். இவளையோ பள்ளிக்கூடத்தில் 'ஸ்கேல்' என்று கூப்பிட்டார்களாம். "மில்லிமீட்டர் கோடு கூடப் போட்டுப் பார்த்தாங்க அங்கிள், பேனாவால, முதுகுல," என்றாள் ஒருநாள், ரப்பர் பேண்டுகளை எண்ணிக்கொண்டே. அங்கிள் என்பது கடைக்கு வந்த நம்மவர் பிள்ளைகள் என்னைக் கூப்பிட்டதைக் கேட்டு அவள் பிடித்துக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் நான் தப்பு செய்தேன். அவள் காய்ச்சலில் ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்த அன்றைக்குக் கடை நிறையக் கூட்டம். அவளைப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. "என்ன இப்படி இளைச்சுட்டே? பாதியாப் போயிட்டியே," என்று உரக்கக் கேட்டுவிட்டேன்.

நம்மில் யார் யாரைப் பார்த்தாலும் முதலில் உடம்பைத்தான் சொல்வோம். இளைச்சுட்டே, கறுத்துட்டே, சதை போட்டுட்டே. சொல்லாவிட்டால் கவனிக்கவில்லை என்று அர்த்தம். அவள் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி சிரித்தாள். "இருந்த பாதியும் போச்சா?" என்றாள் இன்னொருத்தி. இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் வந்து, மெடிக்கல் சென்டரில் ஒரு டாக்டரைப் பார்த்ததாகச் சொன்னாள். உடம்பில் வேறு இடத்துக் கொழுப்பை எடுத்துப் பின்பக்கம் வைக்கிற ஆபரேஷனாம். டாக்டர் அவள் இடுப்பைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, எடுப்பதற்கே ஒன்றும் இல்லை, சதை போட்டபிறகு வா என்று அனுப்பிவிட்டார்.

நான்தான் பழிகாரன் என்று எனக்குத் தோன்றிவிட்டது. எங்கள் வீட்டில் தங்கை வயசுக்கு வந்தபோது இடுப்புக்குப் பலம் என்று உளுந்தங்களி கொடுத்தார்கள். பின்கட்டு ரைஸ் குக்கரில் அதையே கருப்பட்டியும் நல்லெண்ணெயும் போட்டுக் கிளறிக் கொடுத்தேன். முதல் வாய் வைத்துவிட்டு, "இது சிமெண்டா?" என்றாள். ஆனாலும் தினமும் சாப்பிட்டாள். மூன்று வாரம் கழித்துப் பார்சல் தராசில் ஏறி நின்றோம். அவளுக்கு இரண்டு பவுண்டு கூடியிருந்தது, எனக்கு நான்கு. "உன் இடுப்பு அழகா வருது அங்கிள்," என்றாள்.

அவளுடைய இரண்டு பவுண்டும் வயிற்றில்தான் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குப் பிறகுதான் ஊசிக்காரியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து வந்து, பின்பக்கம் எடுப்பாகத் தெரிய ஊசி போடுகிறவள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். கூட்டிப்போக ஓர் ஆள் மட்டும் வேண்டும். சொந்தக்காரர்களிடம் சொன்னால் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்று என்னைக் கேட்டாள். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினேன், சிக்னலுக்குச் சிக்னல் பயந்துகொண்டே.

ஊசிக்காரி கண்ணாடி போட்ட, மரியாதையான பெண். பள்ளிக்கூட டீச்சர் என்றால் நம்புவீர்கள். "நீங்கதான் கூட்டிட்டுப் போறவரா? நல்லது. முடிஞ்சதும் குப்புறப் படுக்கவெச்சே கூட்டிட்டுப் போகணும். எது ஆனாலும் இந்த இடத்துல வெச்சு ஆகக்கூடாது. ஆள் இல்லாதவங்களை நான் தொடறதில்ல," என்றாள். மேஜையில் பூப்போட்ட விரிப்பு. ஊசி குத்திய துளையை அடைக்க, உடைந்த பீங்கானை ஒட்டுகிற பசை ஒரு ட்யூப். சமையல்மேடைத் தொட்டிப் பக்கத்தில் லேபிள் இல்லாத கேன். கேனிலிருந்து கிண்ணத்தில் ஊற்றும்போது ஒரு சொட்டு மேடையில் விழுந்தது. நான் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன்.

கார் கழுவும் இடத்தில் டயர் பளபளக்கப் பூசுகிற ஒன்று உண்டு. வாசனை இருக்காது, வழுக்கும், துடைத்தாலும் விரலை விடாது. அது அப்படியே இருந்தது.

"இது டயருக்குப் போடறது," என்றேன்.

"ஆஸ்பத்திரிச் சரக்கு," என்றாள் அந்தப் பெண், குரலை உயர்த்தாமல். "உங்க அங்கிள் டாக்டரா?" என்று அவளைக் கேட்டாள்.

அவள் என்னைப் பார்க்காமல் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அது டயருக்குப் போடுவதுதானா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. போலீசைக் கூப்பிட்டால் முதலில் என் பெயரைக் கேட்பார்கள். கையைப் பிடித்து இழுக்க எனக்கு உரிமை இல்லை. என்னிடம் இருந்தது ஒன்றுதான். ஆள் இல்லாவிட்டால் அந்தப் பெண் தொடமாட்டாள். நான் கதவைத் திறந்து, வேன் சாவியோடு மாடிப்படி இறங்கி நடந்தேன்.

பெட்ரோல் பங்க் தாண்டி ஒரு பஸ் நிறுத்தத்தில் பெஞ்ச் இருந்தது. அங்கேதான் உட்கார்ந்தேன். அவள் மறுமுனையில் உட்கார்ந்து பாதத்தில் தைத்திருந்த முள்ளைப் பிடுங்கினாள்.

"நீதானே சொன்னே," என்றாள். "எல்லார் முன்னாடியும்."

"எங்க ஊர்ல அது அன்புல கேக்கறதும்மா."

"உங்க ஊர்ல அன்பா இருக்கிறவங்க எல்லாம் கையில தராசோட அலைவாங்களா?"

முள்ளைச் சுண்டி எறிந்துவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"இன்னைக்கு நீ கெடுத்துட்டே. ரெண்டு வாரம் கழிச்சு அவ மறுபடி வருவா. ஓட்டறதுக்கு இந்த ஊர்ல உன்னை விட்டா ஆள் இல்லையா?"

அது உண்மைதான். நான் எத்தனை ஞாயிற்றுக்கிழமை நடக்க முடியும்? பஸ் வந்தது. அவள் ஏறினாள். நான் ஏறவில்லை. பிறகு அவள் போனாளா, செய்துகொண்டாளா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் சொல்வதில்லை. அவள் உடம்பைப் பற்றி நான் ஒருமுறை வாய்திறந்ததே போதும்.

திரும்பிப் போவதற்குள் அபார்ட்மெண்ட்காரர்கள் வேனை இழுத்துப் போய்விட்டார்கள். சாயங்காலம் முதலாளி கேட்டார்.

"தம்பி, வண்டி அங்க எதுக்குப் போச்சு?"

அவள் பெயர் வந்தால் அவள் வேலையும் போகும். "சும்மாதான் பாய்."

"அங்க விட்டுட்டு ஏன் வந்தே?"

"நடக்கணும்னு தோணிச்சு."

"அப்படியா. இனிமே நல்லா நட."

பையை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனேன். தெரிந்தவர் ஒருவர் சாமான் அறையில் படுக்கவிட்டார். வேலை போவது எனக்குப் புதிதில்லை. வேறு ஊருக்குப் போகிற பஸ் எப்போது என்று யோசித்துக்கொண்டே தூங்கினேன்.

காலைத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது போன் அடித்தது. அவள்.

"பாய்கிட்ட என்னைப் பத்திச் சொன்னியா?"

"இல்ல."

"எங்க அத்தை கிச்சன்ல கழுவ ஆள் இல்ல. பேப்பர் கேக்கமாட்டா. வாய்தான் ஜாஸ்தி."

போனேன். பாய் கடை திறக்கும் முன்னால் காலை நேரத்தில் அவள் அங்கேயும் வேலை பார்க்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பொரித்த மீன் விற்கிற சின்ன இடம். அத்தை என்னை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"என்னடி இது, உன்னைவிட ஒல்லியா ஒண்ணைப் பிடிச்சுட்டு வந்திருக்கே? ஃபேனைப் போட்டா ரெண்டு பேரையும் தேடணும் போலிருக்கே."

அடுப்படி முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், வாயால் மட்டும். தினமும் காலையில் இதைக் கேட்டுவிட்டுத்தான் கடைக்கு வந்திருக்கிறாள். அங்கே டிவி, அந்த முன்பக்கத்துப் பெண், அப்புறம் நான்.

ஏப்ரனைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் போனேன். "ரெண்டு வாரம் கழிச்சு..." என்று ஆரம்பித்தேன்.

"அங்கிள், மீனைக் கழுவு."

கெளுத்தி மாதிரி மீன், வழவழப்பு போக உப்புப் போட்டுத் தேய்க்கவேண்டும். எத்தனை நாள் இருப்பாய் என்று அத்தை கேட்டாள். எங்கேயும் யாருக்கும் நான் நாள் சொன்னதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல்தான் இருப்பேன் என்றேன். பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்க்கவில்லை. நான் குழாயைத் திறந்தேன்.